நோயுற்ற குழந்தைக்கு நீர் எவ்வளவு?

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



சமயச் சொற்பொழிவுகளையும் இலக்கியப் பேச்சுகளையும் கேட்டுப் பழகிய இச்சபையில், குழந்தைக்குக் கொடுக்கும் தண்ணீரைப் பற்றியும், அது கழிக்கும் சிறுநீரைப் பற்றியும் பேச முன்வந்தது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் உயிரைக் காக்கும் காரியத்தில் சிறிய பொருள், பெரிய பொருள் என்ற பேதம் கிடையாது. லுணுகலையைச் சுற்றியுள்ள ஹொப்டன், அடாவத்தை, மடூல்சீமை முதலிய தோட்டப் பகுதிகளில் இரவு வேளையில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சலோ வயிற்றோட்டமோ கடுமையானால், அந்த வீட்டார் முதலிற் கேட்கும் கேள்வி, “தண்ணீர் கொடுக்கலாமா, கூடாதா?” என்பதே. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த பின்னரோ, “சேலைன் ஏற்றவில்லையா?” என்ற கேள்வி எழுகின்றது. இவ்விரண்டு கேள்விகளுக்கும் இடையே மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அது, “எவ்வளவு?” என்பது. அந்த மூன்றாவது கேள்வியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

நாம் வைத்தியர் அல்லோம். பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணவர் மாத்திரமே. ஆதலால் மருந்து சொல்லும் துணிவு எமக்கு இல்லை. அறிஞர்கள் கண்டவற்றைப் படித்து, நம் ஊரார் புரிந்துகொள்ளத் தக்க விதத்தில் எடுத்துச் சொல்வதே எமது நோக்கம்.

குழந்தையின் உடலும் நீரும்

பிறந்த குழந்தையின் உடலில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீர். வளர்ந்த மனிதனின் உடலில் அது நூற்றுக்கு 60 அளவில் நிற்கும். நீர் மிகுதியாக இருப்பதால் குழந்தை பயமின்றி இருக்கலாம் என்று எண்ணுதல் கூடாது. குழந்தையின் உடலில் நீர் வேகமாக வருகிறது, வேகமாகவே போகிறது. மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் சிறுநீர் வழியாகவும் அது இழக்கும் நீர், எடைக்கு எடை பார்த்தால், பெரியவர் இழப்பதைவிடப் பன்மடங்கு அதிகம்.

1957ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர்களான ஹொலிடே, செகார் என்போர் குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய நீருக்கு எளிய கணக்கு ஒன்றை வகுத்தனர். உடல் எடையின் முதல் 10 கிலோவுக்குக் கிலோவொன்றுக்கு 100 மில்லிலீற்றர். அடுத்த 10 கிலோவுக்குக் கிலோவொன்றுக்கு 50 மில்லிலீற்றர். அதற்கு மேல் கிலோவொன்றுக்கு 20 மில்லிலீற்றர். இதன்படி 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு லீற்றர், அதாவது நமது வீட்டுத் தம்ளரில் ஏறக்குறைய 5 தம்ளர் வேண்டும். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒன்றரை லீற்றர் வேண்டும். இன்றும் உலகெங்கும் வைத்தியர்கள் தொடக்கக் கணக்காக இதையே கொள்கின்றனர்.

இப்பொழுது அந்த 10 கிலோ குழந்தைக்கு வயிற்றோட்டம் காண்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரை லீற்றர் நீர் போய்விட்டால் எடையில் நூற்றுக்கு 5 பங்கு போய்விட்டது. ஒரு லீற்றர் போய்விட்டால் நூற்றுக்கு 10 பங்கு. குழந்தை மரணத்தின் வாயிலில் நிற்கிறது. ஐந்து தம்ளர் நீரே உயிருக்கும் மரணத்துக்கும் உள்ள தூரம்! வயிற்றோட்டத்தின்போது தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகமாகப் போகும் என்று சொல்லிக் குழந்தையைத் தாகத்தில் கிடத்தும் வழக்கம் எவ்வளவு கொடிது என்பதை இதிலிருந்து உணரலாம்.

நீர் கொடுத்துக் காத்த கதை

நோயாளியின் நாளத்தில் உப்புநீரைச் செலுத்திக் காப்பாற்றும் முறை 1832ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தில் தோமஸ் லாட்டா என்னும் வைத்தியரால் வாந்திபேதிக் காலத்திற் கையாளப்பட்டது. இன்று நாம் “சேலைன்” என்று சொல்லும் போத்தலின் முன்னோடி அதுவே. ஆனால் போத்தலும் ஊசியும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

1971ஆம் ஆண்டு கிழக்கு வங்காளத்திலிருந்து இலட்சக்கணக்கான அகதிகள் இந்தியாவுக்குள் ஓடிவந்தபோது, மேற்கு வங்காளத்தின் எல்லையோரத்திலுள்ள பங்காவ் என்னும் ஊரில் வாந்திபேதி பரவியது. அங்கு பணியாற்றிய டாக்டர் திலிப் மகலனாபிஸ் அவர்களிடம் சேலைன் தீர்ந்துபோயிற்று. அவர் உப்பும் குளுக்கோசும் சோடாவுப்பும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துக் குடிப்பிக்கச் செய்தார். நூற்றுக்கு 30 வரை இருந்த மரணம், அந்நீரைக் குடித்தவரிடையே 4க்கும் கீழே இறங்கியது. அதற்கு மூன்று வருடங்களுக்கு முன் டாக்கா நகரில் நாலின், காஷ் என்னும் வைத்தியர்கள் ஆராய்ந்து காட்டிய முறையே இது. சர்க்கரையும் உப்பும் சேர்ந்திருந்தால் வாந்திபேதியால் வாடும் குடலும் நீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதே அதன் சூட்சுமம். நம் நாட்டுக் கடைகளில் “ஜீவனி” என்ற பெயரிற் கிடைக்கும் பொதி அந்தக் கண்டுபிடிப்பின் வாரிசாகும்.

இக்கதையில் நாம் கருத்திற்கொள்ள வேண்டியது ஒன்று. பங்காவில் உயிரைக் காத்த கைகளிற் பெரும்பாலானவை வைத்தியரின் கைகள் அல்ல. அவை தாயின் கைகள், தமையனின் கைகள், பாட்டியின் கைகள்.

மிகுந்த நீரும் கொல்லும்

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, “நோயுற்ற குழந்தைக்கு எவ்வளவு நீர் கொடுக்கிறோமோ அவ்வளவு நன்மை” என்று எவரேனும் முடிவு செய்தால், அந்த முடிவு பெரும் பிழையாகும். வைத்திய உலகமே நெடுங்காலம் ஏறக்குறைய அவ்வாறு எண்ணியிருந்தது.

ஆபிரிக்காவில் கென்யா, உகண்டா, தன்சானியா ஆகிய மூன்று தேசங்களில் கத்ரின் மெயிற்லண்ட் என்னும் பெண் வைத்தியரின் தலைமையில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. கடுங்காய்ச்சலுடன் கைகால் குளிர்ந்து, இரத்தோட்டம் குன்றி வந்த 3,141 குழந்தைகள் அதிற் சேர்க்கப்பட்டனர். வயிற்றோட்டத்தால் வாடிய குழந்தைகளும் கடும் போஷாக்கின்மையுள்ள குழந்தைகளும் அதிற் சேர்க்கப்படவில்லை. ஒரு பகுதியினருக்கு உடனே வேகமாகச் சேலைன் ஏற்றப்பட்டது. மற்றொரு பகுதியினருக்கு அல்புமின் என்னும் புரதம் கலந்த நீர் அவ்வாறே ஏற்றப்பட்டது. மூன்றாம் பகுதியினருக்கு அன்றாடம் வேண்டிய நீர் மட்டும் மெதுவாகக் கொடுக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. வேகமாக நீர் ஏற்றப்பட்ட இரு பகுதிகளிலும் 48 மணி நேரத்துக்குள் நூற்றுக்கு 10க்கும் 11க்கும் இடைப்பட்ட குழந்தைகள் இறந்தனர். மெதுவாகக் கொடுக்கப்பட்ட பகுதியில் இறந்தோர் நூற்றுக்கு 7.3 மாத்திரமே. நன்மையென்று எண்ணிக் கொடுத்த நீரால் நூறு குழந்தைகளுக்கு மூவர் அதிகமாக இறந்தனர் என்பதைக் கேட்டு உலகம் திடுக்குற்றது.

இதனாற் சேலைன் நஞ்சு என்பது பொருளன்று. வயிற்றோட்டத்தாற் சாகக் கிடக்கும் குழந்தைக்கு அது இன்றும் உயிர்நீரே. ஒரு நோய்க்கு அமிர்தமாவது வேறொரு நோய்க்கு அவ்வாறு ஆகாது என்பதே பாடம்.

மிகுந்த நீர் ஏன் கெடுதி செய்கிறது? வில்லை எண்ணிப் பாருங்கள். நாணைச் சிறிது இழுத்தால் அம்பு சிறிது தூரம் செல்லும். மேலும் இழுத்தால் மேலும் செல்லும். ஓர் எல்லைக்கு மேல் இழுத்தாலோ தூரம் கூடாது. வில்தான் முறியப் பார்க்கும். இருதயமும் அவ்வாறானதே. உள்ளே வரும் இரத்தம் அதன் தசையைச் சற்று விரிக்க, அது வலிமையோடு சுருங்கித் தள்ளுகிறது. எல்லை கடந்தபின் ஊற்றும் நீர் இருதயத்துக்கு வலிமை தராது. அது நுரையீரலிலே கசிந்து தேங்குகிறது. குழந்தை மூச்சுக்குத் திணறுகிறது. ஆகவே நீர் கொடுக்கும் வைத்தியர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியது, “இக்குழந்தையின் வில் இன்னும் இழுக்க இடம் கொடுக்குமா?” என்பதாகும்.

ஊசி குத்தாமல் அறிவது எப்படி?

இதனை அறிவதற்குக் கழுத்து நாளத்தின் வழியே இருதயத்தை நோக்கிக் குழாய் செலுத்தி அமுக்கத்தை அளக்கும் முறை ஒன்று உண்டு. குழந்தையின் மெல்லிய நாளத்தில் அது எளிதன்று. கிருமி புகும் ஆபத்தும் உண்டு. அவ்வாறு அளந்த அமுக்கமும், நீர் கொடுத்தால் பயன் விளையுமா என்பதைச் சரியாக முன்னறிவிப்பதில்லை என்று பின்னர் தெரிய வந்தது. ஆதலால் உடலைத் துளைக்காமற் கண்ணாலும் கையாலும் எளிய கருவிகளாலும் அறியும் முறைகளை வைத்தியர்கள் நாடுகின்றனர். அவற்றிற் பல நம் பாட்டிமார் அறிந்தவையே.

முதலாவது, குழந்தையின் போக்கு. அமைதியின்றிச் சிணுங்கிக்கொண்டே இருக்கிறதா, சோர்ந்து மயங்கிக் கிடக்கிறதா? தண்ணீரைக் கண்டதும் ஆவலோடு பறித்துக் குடிக்கிறதா, குடிக்கவே இயலாதிருக்கிறதா? ஆவலோடு குடிப்பது நீர் குறைந்ததன் அடையாளம். குடிக்க இயலாதிருப்பது மிகவும் குறைந்துவிட்டதன் அடையாளம்.

இரண்டாவது, முகம். கண்கள் குழி விழுந்திருக்கின்றனவா, வாய் உலர்ந்திருக்கிறதா, அழுதால் கண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கைக்குழந்தையாயின் உச்சிக்குழி பள்ளமாகியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். கண் குழி விழுந்ததா என்பதைத் தாயிடம் கேட்டறிதல் நன்று. வழக்கமான முகத்தை அவளே அறிவாள்.

மூன்றாவது, தோல். வயிற்றுத் தோலை இரு விரல்களால் மெல்லத் தூக்கிவிட்டால், சுகமான குழந்தையில் அது உடனே சமமாகிவிடும். இரண்டு விநாடிக்கு மேலும் மடிந்தே நின்றால் நீர் கடுமையாகக் குறைந்திருக்கிறது. ஆனால் மெலிந்து வாடிய குழந்தையின் தோல், நீர் குறையாத போதும் மெதுவாகவே மீளும். கொழுத்த குழந்தையின் தோல், நீர் குறைந்த போதும் விரைவாக மீளக்கூடும். போஷாக்குக் குறைந்த பிள்ளைகள் பலருள்ள நம் பகுதியில் இந்த எச்சரிக்கை மிகவும் வேண்டியது.

நான்காவது, கைகால்களின் சூடும் நகத்தின் நிறமும். விரல் நுனியை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்து விட்டால், வெளுத்த இடம் மீண்டும் சிவக்க இரண்டு விநாடிக்கு மேல் செல்லலாகாது. இரண்டாம் உலக யுத்தத்திற் காயமுற்ற போர்வீரரிடம் பீச்சர் என்னும் அமெரிக்க வைத்தியரும் அவருடைய சகாக்களும் இதனைக் கவனித்து 1947இல் எழுதினர். தென் அமெரிக்காவின் ஐந்து தேசங்களில் வளர்ந்த நோயாளிகளிடையே நடத்தி 2019இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், இந்த விரற்சோதனையைக் கொண்டு நடத்திய சிகிச்சை, இரத்தத்தைச் சோதித்து நடத்திய சிகிச்சைக்குப் பின்தங்கவில்லை என்று கண்டனர். ஆயினும் மார்கழிக் குளிரில், மங்கலான விளக்கொளியில், லயத்துக் காம்பராவில் இதனைப் பார்த்தால் ஏமாறக்கூடும். குளிர்ந்த விரல் சுகமான குழந்தையிலும் மெதுவாகவே சிவக்கும். நல்ல வெளிச்சத்தில், விரலைச் சூடாக்கிய பின் பார்த்தல் வேண்டும்.

ஐந்தாவது, நாடியும் மூச்சும். நாடி பார்த்து நோயறிதல் நம் முன்னோருக்குக் கைவந்த கலை. நீர் குறையும்போது நாடி வேகமாகவும் நொய்தாகவும் ஓடும். மூச்சு நமக்கு இரண்டு விதத்தில் உதவுகிறது. நீர் ஏற்றும்போது மூச்சு வேகமாகிக்கொண்டே போனால், நீர் மிகுந்து நுரையீரலில் தேங்குகிறதோ என்று வைத்தியர் ஐயுறுவர். ஈரலும் அவ்வாறே வீங்கிக் கீழிறங்கும். கையால் தடவி அதனை அறிவர்.

ஆறாவது, சிறுநீர். உள்ளே போன நீர் எங்கே போயிற்று என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி இல்லை. ஏழாவது, எடை. காலையில் 10 கிலோவாக இருந்த குழந்தை மாலையில் ஒன்பதரைக் கிலோவாயின், போனது சதை அல்ல, நீரே.

இனி, ஆஸ்பத்திரிக் கருவிகளைச் சற்றுப் பார்ப்போம். விரலிற் கவ்வியைப் போல மாட்டும் சிறு கருவியை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஜப்பானியரான தக்குவோ அவோயாகி 1970களில் கண்ட தத்துவத்தில் அது இயங்குகிறது. அது நாடியையும் இரத்தத்திலுள்ள பிராணவாயுவையும் காட்டும். நீரின் அளவை நேரே காட்டாவிடினும், நுரையீரலில் நீர் தேங்கினால் பிராணவாயு குறைவதைக் காட்டிக்கொடுக்கும். ஸ்கேன் கருவி செவிக்குக் கேளாத ஒலி அலைகளை அனுப்பி, இருதயம் எவ்வாறு துடிக்கிறது, பெருநாளம் நிரம்பியுள்ளதா ஒடுங்கியுள்ளதா, நெஞ்சிலும் வயிற்றிலும் நீர் கசிந்துள்ளதா என்பவற்றைப் படமாகக் காட்டுகிறது. துளையுமில்லை, வலியுமில்லை.

இன்னுமொரு முறை மிகவும் எளிது. படுத்திருக்கும் நோயாளியின் கால்களை உயர்த்திப் பிடித்தால், கால்களிலுள்ள இரத்தம் இருதயத்தை நோக்கி ஓடிவரும். அதனால் இருதயத்தின் தள்ளல் வலுத்தால், நீர் கொடுத்தால் பயன் உண்டு என்று ஊகிக்கலாம். கால்களை இறக்கியதும் கடன் வாங்கிய இரத்தம் திரும்பிப் போய்விடும். ஒரு துளியும் ஊற்றாமலே ஊற்றிப் பார்த்ததற்குச் சமம்! ஆனால் சிறு குழந்தையின் கால்கள் குட்டையானவை. அவற்றிலுள்ள இரத்தமும் சொற்பம். ஆகவே பெரியவரிற் போலக் குழந்தையில் இதனை முழுதும் நம்ப முடியாது.

இவற்றுள் எந்த ஓர் அடையாளமும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லத் தக்கதன்று. பலவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பார்த்தபின் சிறிது நீர் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் மீண்டும் பார்க்க வேண்டும். “ஒரு முறை பார்த்தேன், ஒரு போத்தல் ஏற்றினேன்” என்பது இக்காலத்து வைத்தியம் அன்று.

டெங்கு கற்பித்த கணக்கு

இக்கருத்தை இலங்கைக்கு நன்கு கற்பித்தது டெங்குக் காய்ச்சல். 2009ஆம் ஆண்டில் இந்நாட்டில் 35,000க்கு மேற்பட்டோர் நோயுற்று 346 பேர் மாண்டனர். நூற்றுக்கு ஒருவர் என்று கொள்ளலாம். அதன் பின் நமது வைத்தியர்கள், இந்நோயில் நீண்ட அனுபவமுள்ள தாய்லாந்து வைத்தியரிடம் கற்று, 2010இல் தேசிய சிகிச்சை வழிகாட்டியை வெளியிட்டு, 2012இல் அதனைத் திருத்தினர். 2017ஆம் ஆண்டில் 186,000க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். நாடு முன்பு காணாத தொகை அது. இறந்தோர் 440 அளவில். நோயாளர் ஐந்து மடங்குக்கு மேல் பெருகியும், மரணம் நானூறு பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. டெங்குக் கிருமியைக் கொல்லும் மருந்து எதனையும் கண்டு இது நிகழவில்லை. காரணங்கள் பலவாயினும், நீரை அளந்து கொடுத்துப் பார்த்துப் பார்த்து நடத்திய சிகிச்சைக்கு இதிற் பெரும் பங்கு உண்டு.

டெங்கு இரத்தப்போக்குக் காய்ச்சலில், இரத்தத்தின் நீர்ப்பகுதி மெல்லிய நாளங்களினின்றும் கசிந்து நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் சேர்கிறது. இக்கசிவு பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையிலேதான் தொடங்குகிறது. நாம் “காய்ச்சல் விட்டது, பிழைத்தோம்” என்று மூச்சுவிடும் அந்த நேரமே ஆபத்தின் தொடக்கம்! கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். பின்பு கசிந்த நீரெல்லாம் மீண்டும் இரத்தத்துக்குத் திரும்பும். இடையில் அளவுக்கு மீறி ஏற்றிய நீர் உடலில் இருந்தால், அதுவும் இதுவும் சேர்ந்து நுரையீரலை மூழ்கடிக்கும்.

அதனால் நமது வழிகாட்டி, ஆபத்துக் கட்டம் முழுவதற்கும் ஒரு பங்கீடு வகுத்தது. ஒரு நாளைக்கு வேண்டிய நீரோடு உடல் எடையின் நூற்றுக்கு 5 பங்கைக் கூட்ட வேண்டும். 20 கிலோ பிள்ளைக்கு 1,500உம் 1,000உம் சேர்த்து 2,500 மில்லிலீற்றர். வாயாற் குடிப்பதும் நாளத்தில் ஏற்றுவதும் இதற்குள் அடக்கம். அதே பிள்ளை சுகமாக இருந்தால் இரண்டு நாளில் 3,000 மில்லிலீற்றர் வேண்டியிருக்கும். உயிருக்குப் போராடும் 48 மணி நேரத்துக்கு, சுகமாக இருக்கும் இரண்டு நாளைவிடக் குறைந்த நீர்! இதனை அறியாத உறவினர், “பிள்ளைக்குச் சேலைன் போதாது” என்று தாதிமாரோடு வாதிடுவது இயல்பே. அறிந்தவர் அவ்வாறு வாதிடார். ஆனால் இந்தக் கணக்கு ஆஸ்பத்திரியில் மணிக்கு மணி பார்த்து மாற்றப்படுவது. வீட்டில் நாமே போட்டுப் பார்க்கும் கணக்கன்று.

அங்கே வைத்தியர் கவனிப்பவற்றுள் இரண்டைச் சொல்வோம். ஒன்று, இரத்த அமுக்கத்தின் இரு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம். மேல் எண் 100 என்றால் நல்லது என்று நினைப்போம். கீழ் எண் 85 ஆயின் வித்தியாசம் 15 மாத்திரமே. 20க்கு இறங்கினாலே அதிர்ச்சி நிலை என்று கொள்வர். இந்நிலையிலும் பிள்ளை எழுந்திருந்து தெளிவாகப் பேசக்கூடும் என்பதே டெங்குவின் வஞ்சகம். மற்றது, சிறுநீர். ஆபத்துக் கட்டத்தில் மணிக்குக் கிலோவொன்றுக்கு அரை மில்லிலீற்றர் போதும். 20 கிலோ பிள்ளைக்கு மணிக்கு 10 மில்லிலீற்றர். அதனிற் குறைந்தால் நீர் போதவில்லை. மணிக்குக் கிலோவொன்றுக்கு ஒரு மில்லிலீற்றருக்கு மேல் போனால் ஏற்றும் நீர் மிகுந்துவிட்டது. கோடிக்கணக்கான பெறுமதியுள்ள கருவிகளோடு ஒரு சாதாரண அளவுக் கிண்ணமும் நின்று பணி செய்கிறது!

நாம் செய்யக்கூடியது என்ன?

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிக்குச் செல்லும் பெருவீதி நம் ஊரை ஊடறுத்துச் செல்கிறது. ஆனால் தோட்டத்தின் மேற்கணக்கு லயங்களிலிருந்து அந்த வீதிக்கு வந்து சேர்வதே ஒரு பயணம். அதன்பின் மலைவளைவுகளைக் கடந்து பதுளைப் பெரிய வைத்தியசாலையை அடைய வேண்டும். ஆகவே, “எப்பொழுது புறப்படுவது?” என்ற தீர்மானம் நம் ஊரில் மருந்துக்குச் சமமானது. பகலில் தாய் கொழுந்துக்குப் போய்விடுவாள். பிள்ளையைப் பார்ப்பது பிள்ளை மடுவத்து ஆயாவோ, வயோதிபப் பாட்டியோ, பன்னிரண்டு வயது அக்காவோதான். இவர்களிடம் இந்த அறிவு போய்ச் சேரவில்லையாயின், நாம் பேசுவதாற் பயனில்லை.

சங்கத்தின் வாலிபர்களுக்கு ஐந்து காரியங்களை முன்வைக்கிறோம்.

ஒன்று: ஒவ்வொரு வீட்டிலும் 200 மில்லிலீற்றர் அளவு காட்டும் கோப்பை ஒன்று இருக்கட்டும். காய்ச்சலோ வயிற்றோட்டமோ கண்ட பிள்ளை எத்தனை மணிக்கு என்ன குடித்தது, எத்தனை மணிக்குச் சிறுநீர் கழித்தது, எத்தனை தரம் வாந்தி எடுத்தது என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். எழுத அறியாத பாட்டிக்கு அயல் வீட்டு மாணவன் எழுதிக் கொடுக்கட்டும். அந்த ஒரு பக்கக் காகிதம் வைத்தியருக்குப் பெரும் உதவியாகும்.

இரண்டு: பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை மறவாது கொண்டு செல்ல வேண்டும். பிள்ளையின் எடை தெரிந்தால்தான் நீரின் கணக்குச் சரிவரும்.

மூன்று: வயிற்றோட்டத்துக்கு ஜீவனியைப் பொதியில் எழுதியுள்ள அளவு தண்ணீரிலேயே கரைக்க வேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கொதித்தாறிய நீரே நன்று. இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை கழிந்த பின்பும் 50 முதல் 100 மில்லிலீற்றர். அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லிலீற்றர். கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து இன்னும் மெதுவாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தலாகாது.

நான்கு: காய்ச்சல் கண்டால் வைத்தியரைக் காண வேண்டும், அவர் சொல்லும் நாளில் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். வெறுந்தண்ணீர் மாத்திரமன்றிக் கஞ்சி, இளநீர், ஜீவனி, பால் முதலியவற்றைக் கொடுக்கலாம். சிவந்த பானங்களைத் தவிர்த்தல் நன்று. வாந்தியில் இரத்தம் கலந்துள்ளதா என்பதை அவை மறைக்கும். அஸ்பிரின் போன்ற நோவுக் குளிசைகளைக் கடையில் வாங்கிக் கொடுத்தல் ஆகாது. வைத்தியர் சொன்ன அளவில் பரசிற்றமோல் போதும்.

ஐந்து: காய்ச்சல் தணிந்தும் பிள்ளை சோர்ந்து கிடந்தால், விடாத வாந்தி, கடும் வயிற்று வலி, குளிர்ந்த கைகால், எங்கேனும் இரத்தக் கசிவு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, வேகமான மூச்சு, குடிக்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திருத்தல் கூடாது. லுணுகலை வைத்தியசாலைக்கு உடனே புறப்பட வேண்டும். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். வாகனம் மேலேற முடியாத லயமாயின், பிள்ளையைத் தூக்கி வீதிக்குக் கொண்டுவர நான்கு வாலிபர் ஆயத்தமாயிருத்தல் நம் சங்கத்தின் கடமை.

பெரியோர்களில் ஒருவர், “இவையெல்லாம் டாக்டரின் வேலையல்லவா? படிக்காத சனங்கள் இவற்றைச் செய்யப் போனால் விபரீதமாகாதா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. நாம் எவரையும் வைத்தியராக்க முயலவில்லை. எவ்வளவு சேலைன் ஏற்றுவது என்பதைத் தீர்மானிப்பது வைத்தியரின் பொறுப்பு. அதில் நாம் தலையிடலாகாது. ஆனால் வைத்தியர் பிள்ளையைக் காண்பது சில நிமிடங்கள். தாய் காண்பது இரவு முழுவதும். அந்த இரவில் அவள் கண்டதை அவர் அறியாவிட்டால், அவருடைய கல்வியும் அரைக்கல்வியாகவே நின்றுவிடும். திருக்குறளில் “மருந்து” என்னும் அதிகாரம், நோயாளியின் அருகில் நின்று பணி செய்பவனையும் வைத்தியத்தின் நான்கு உறுப்புகளுள் ஒன்றாக எண்ணி வைத்திருக்கிறது. அந்த நான்காம் இடம் நம்முடையது.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. இரத்ததானம், சிரமதானம் என்றால் நாம் உற்சாகத்தோடு முன்வருகிறோம். ஒரு கொப்பியும் கோப்பையும் எடுத்துக்கொண்டு லயம் லயமாகச் சென்று பாட்டிமாரிடம் பேசுவதில் ஆரவாரம் இல்லை. படம் பிடிப்பாரும் இல்லை. ஆயினும், டெங்கு நுளம்பு பெருகும் மழைக்காலத்துக்கு முன் குடும்பநல மருத்துவமாதுவின் ஆலோசனையோடு இவ்வேலையைத் தொடங்குவோமாயின், ஒரு வீட்டிலேனும் ஒரு பிள்ளை உரிய நேரத்தில் ஆஸ்பத்திரி போய்ச் சேரும். சங்கம் இருப்பதற்கு அதைவிட வேறு நியாயம் வேண்டுமோ?

தாகித்தோருக்கு நீர் கொடுப்பதை நம் பெரியோர் தருமங்களுள் ஒன்றாக வைத்தனர். தேர்த்திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் அமைப்பவர்கள் நாம். நோயுற்ற குழந்தையின் பாயருகிலே அந்தத் தருமத்தோடு அளவையும் அவதானத்தையும் சேர்த்துக்கொள்வோம். எல்லாம் வல்ல இறைவன் நம் குழந்தைகளைக் காப்பானாக என்று பிரார்த்திக்கின்றோம்.